பிரேக்கிற் புகுந்த காற்று

காலிப்பர்களைப் புதிதாய் மாற்றிய மோட்டார் வண்டியிற் சிலபோது பிரேக் மிதி உறுதியாய் நில்லாது, பஞ்சை மிதித்தாற்போல அமிழ்ந்து போவதுண்டு. உறுப்புக்கள் யாவும் புதியனவாயிருக்கப் பிடிப்பு மட்டும் இல்லாதொழிவது ஏன்? பட்டறைகளில் 'ஏர் எடுத்தல்' என வழங்கும் தொழிலின் இயல்பை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். இலக்கணம் பயில்வார்க்கு இதில் என்ன வேலையென்று நண்பர் சிலர் வினவலாம்; வண்டியில் ஏறுவார் அனைவர்க்கும் இதில் வேலையுண்டு என்பதே எம் விடை.

மூடிய கலத்துள் நிறைந்த திரவத்தின்மேற் செலுத்திய அழுத்தம் எத்திசையும் குறைவின்றிப் பரவுமென 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் காட்டினார். மிதியின் விசை மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தமாகிக் குழாய் வழியே சென்று காலிப்பரின் பிஸ்டனைத் தள்ள, அது பேட்டுகளை டிஸ்கின்மேல் இறுக்குகின்றது. திரவம் சுருங்குதல் மிக அரிது; காற்றோ எளிதிற் சுருங்கும். காலிப்பரைக் கழற்றுங்கால் குழாயின் வாய் திறக்கப்படுதலானும், புதிய காலிப்பரின் உட்புறம் வெறுங்காற்றேயாதலானும், மிதியின் பயணமெல்லாம் அக்காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துபோகின்றது.

அதனை நீக்க இருவர் வேண்டும். காலிப்பரின் நிப்பிளில் உட்புறம் தெரியும் குழாயொன்றை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயிலுள்ள புட்டியில் அமிழ்த்துக. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் தளர்த்தினால் ஆயிலுடன் குமிழிகள் வெளிப்படும். நிப்பிளை இறுக்கிய பின்னரே மிதியை விடுதல் வேண்டும். முறை மாறின் வெளிக்காற்று மீண்டும் உட்செல்லும். குமிழி அறுமட்டும் இவ்வாறு செய்க. இடையில் மேலுள்ள ஆயிற் கிண்ணம் வறண்டுவிட்டால் அதுகாறும் செய்த வேலை முற்றும் வீண். எச்சக்கரத்தை முதலிற் கொள்வதென்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதற்குரிய கைந்நூலையே நம்புக. ஏ.பி.எஸ். பொருந்திய வண்டிகள் சிலவற்றில் அதன் வால்வுகளை இயக்கத் தனிக்கருவியும் வேண்டப்படும்.

இத்துணையும் செய்தும் மிதி உறுதிப்படாதாயின், நிப்பிள் இருக்குமிடத்தை நோக்குக. காற்று இலேசானதாகலின் காலிப்பரின் உச்சியிற்சென்று தங்கும். நிப்பிளும் உச்சியிலேயே இருத்தல் வேண்டும். இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கம் மாட்டினும் பல வண்டிகளிற் போல்ட்டுகள் பொருந்திவிடும்! ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். பின்னர் நாள் முழுதும் மிதித்தாலும் ஆயில் வருமேயன்றிக் காற்று வாராது. பக்கம் மாற்றி மாட்டுதலே மருந்து.

'பிரேக் ஆயில்' என்னும் பெயரும் சிறிது தீங்குடையதே. பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படுவது எண்ணெயன்று, கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றுவார் உளராயின், ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டொழியும். இத்திரவம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்குங்கால் 230 பாகை செண்டிகிரேடு வரையேனும் கொதியாதிருத்தல் வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியதற்கு அவ்வரம்பு 155 பாகையே. மலைச்சாலையில் இறங்குங்கால் பிரேக் சூடேறித் திரவம் கொதிப்பின், ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்; மிதி அமிழும்; வண்டி நில்லாது. ஆகவே நெடுநாள் திறந்துவைத்த டப்பாவினின்று ஊற்றுதல் ஆகாது.

வேலை முடிந்தபின் எஞ்சினை ஓடவிட்டு, மிதியைச் சிறிதுநேரம் அழுத்திப் பிடிக்க. அது மெல்ல இறங்காது நின்று, நிப்பிள்களிற் கசிவும் காணாதாயின், ஆளில்லாத சமதளத்தில் மெதுவாய் ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம்.