பழைய டீசல் லாரியின் பராமரிப்பும் டீசல் பாதையின் சீர்திருத்தமும்

நெல், கரும்பு, வாழை, மரவள்ளி முதலிய விளைபொருள்களை வயலினின்று களத்திற்கும் சந்தைக்கும் கொண்டுசெல்ல வாடகை வண்டியையே நம்பியிராமல், பழைய டீசல் லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் குடியானவர்கள் பலர். பங்காளிகளும் அண்டை நிலத்தாரும் இரண்டு மூன்று பேராகக் கூடி வாங்குவதும் உண்டு. புது வண்டிக்கு ஆகும் முதலை நோக்க இது சிக்கனமான ஏற்பாடே. ஆயினும், அறுவடைக் காலத்தில் அவ்வண்டி வழியில் நின்றுவிடுமாயின் சிக்கனம் முழுதும் நஷ்டமாக மாறிவிடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது பொது விதி. நெல் ஏற்றிய லாரி ஓர் இரவு மழையில் நின்றால் நேரிடும் கஷ்டத்தை நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு வண்டிகள் நின்றுபோவதற்குரிய காரணங்களை ஆராயுமிடத்து, பெரும்பாலானவை இஞ்சினின் உட்பாகம் கெட்டதனால் நேர்வன அல்ல. டீசலில் கலந்த தண்ணீர், தூசி, காற்று ஆகிய மூன்றினாலேயே நேர்வன. இம்மூன்றையும் தடுப்பது எப்படி, பழைய வண்டியில் எந்தச் சீர்திருத்தம் செய்யத்தக்கது, எது தகாதது என்பவற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைப்போம்.

1. டீசல் இஞ்சின் வேலை செய்யும் விதம்

ஜெர்மனி தேசத்து ருடால்ப் டீசல் என்பவர் 1897-ம் வருஷத்தில் இவ்வகை இஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இஞ்சினைப்போல் இதில் மின்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறக்குறைய 16 முதல் 20-ல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தினால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயருகிறது. அத்தருணத்தில் டீசல் மிக நுண்ணிய தூவலாக உள்ளே பீச்சப்பட, அது தானே தீப்பற்றிக்கொள்ளுகிறது.

ஆகவே, டீசலைக் குறித்த வேளையில், குறித்த அளவில், மிகுந்த அழுத்தத்தோடு பீச்சுவதிலேயே இஞ்சினின் திறமை அடங்கியிருக்கிறது. இவ்வேலையைச் செய்பவை பம்பும் நாசில்களுமாம். பழைய ரகப் பம்புகளில் நாசில் திறக்கும் அழுத்தம் சாதாரணமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். காமன் ரெயில் என்னும் புதிய ரகத்தில் இது 1,000 கிலோவுக்கும் மேற்படும். பம்பினுள் ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கே; தலைமயிரின் கனத்தோடு ஒப்பிட அது மிக அற்பம். அவ்விடைவெளியில் கண்ணுக்குப் புலப்படாத மணல் துகள் புகுந்தாலும் பிளஞ்சர் கீறிப்போகும். வெளியே பெரிய இரும்பு யந்திரமாகத் தோன்றினும், உள்ளே இது கடிகாரத்தைப்போல் மென்மையானது என்பதை மனத்தில் இருத்தல் வேண்டும்.

2. வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் சென்று, தாமே எதிரில் நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சூடேறிய இஞ்சின் குறைகளை மறைத்துவிடும். இரண்டாவது, இஞ்சின் ஓடுகையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன என்று அறியலாம். மூன்றாவது, ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்திருத்தல் டீசல் இஞ்சினுக்கு இயல்பே. ஆனால் பால் கலந்தாற்போல் இருப்பின் தண்ணீரும், டீசல் வாடையோடு அளவு ஏறியிருப்பின் டீசலும் கலந்திருக்கின்றன என்பது பொருள். நான்காவது, டேங்கின் அடித்திருகைக் கழற்றி ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது டீசல் பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீரோ துருவோ தங்குமாயின், பம்பும் நாசிலும் சோதனைக்கு உரியவை என்று கொண்டு விலையைப் பேசிக்கொள்ளலாம்.

இஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தல், தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், வரி, புகைச் சோதனைச் சான்று ஆகியவற்றைப் பரிசீலித்தல், வண்டியின்மேல் கடன் பதிவு இருப்பின் அதை ரத்து செய்வித்தல் ஆகியவையும் அவசியம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தைக் குடியானவர்களுக்கு நினைவூட்டுவது பேருதவியாகும்.

3. தண்ணீர் வரும் வழி

பாதி காலியான டேங்கில் மிஞ்சிய இடத்தைக் காற்று நிரப்பியிருக்கும். இரவின் குளிர்ச்சியில் அக்காற்றிலுள்ள ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து, துளித்துளியாக அடியில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதாகையால் அடியிலேயே தங்கும். அங்கே துருப்பிடிப்பதோடு, தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, பாசிபோன்ற வழுவழுப்பான கசடு உண்டாகி வடிகட்டியை அடைத்துவிடும். இதற்குச் செலவில்லாத பரிகாரம், மாலையில் வண்டியை நிறுத்துமுன் டேங்கை நிரப்பி வைத்தலே.

பீப்பாயில் டீசல் வாங்கி வைப்போர், நிறைத்தபின் ஒரு நாளேனும் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியில் நான்கு விரற்கடை விட்டு மேற்பாகத்தையே எடுத்தல் வேண்டும். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் டீசலைச் சேமித்து வைத்தலாகாது. அப்பூச்சு டீசலோடு கலந்து கசடாகும். புனலில் இடும் துணி பஞ்சு உதிராததாக இருக்க வேண்டும்.

4. வழக்கமான பராமரிப்பு

நாள்தோறும்: இஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் ஆகியவற்றின் அளவைக் குளிர்ந்த நிலையிலேயே பார்க்கவும். வண்டி நின்ற தரையில் சொட்டு இருக்கிறதா என்று கவனிக்கவும். நொடிக்கு ஒரு துளி வீதம் டீசல் ஒழுகினாலும் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் வீணாகும். மேலும், டீசல் வெளியே ஒழுகும் இடம் எதுவோ, இஞ்சின் நின்றபின் காற்று உள்ளே புகும் இடமும் பெரும்பாலும் அதுவே.

வாரந்தோறும்: வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வெளியேற்றவும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தைச் சுத்தம் செய்யவும். அது அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டு, சிறிது தூரம் ஓடியபின் இஞ்சின் தானே நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே புகும் ஓசை கேட்பதே இதற்கு அடையாளம்.

குறித்த தவணையில்: வண்டிக் கம்பெனியார் தந்த புத்தகத்தில் கண்டபடி இஞ்சின் ஆயிலையும், ஆயில், டீசல், காற்று வடிகட்டிகளையும் மாற்றவும். களத்துமேட்டிலும் மண் சாலையிலும் ஓடும் வண்டிக்குத் தவணையைக் குறைத்துக்கொள்ளுதல் நலம். பதரும் புழுதியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

புதிய டீசல் வடிகட்டியைப் பொருத்துகையில் பலர் கேனிலிருந்து டீசலை நேரே அதன் நடுத்துவாரத்தில் ஊற்றி நிரப்புகின்றனர். அநேக வடிகட்டிகளில் நடுத்துவாரம் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழியாகும். ஆதலின் அவ்வாறு ஊற்றிய அழுக்கு தடையின்றிப் பம்புக்கே போய்ச் சேரும். வடிகட்டியைக் காலியாகவே பொருத்தி, கைப்பம்பினால் நிரப்புதலே முறை.

5. காற்றை வெளியேற்றுதல்

டேங்க் வற்றினாலும், வடிகட்டி மாற்றினாலும், குழாய் தளர்ந்தாலும் டீசல் பாதையில் காற்று புகும். காற்று அழுத்தத்திற்கு ஒடுங்கிக் கொடுக்குமாகையால் நாசில் திறவாது. இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி அணைந்துவிடும். பேட்டரி தீருமட்டும் செல்ப் அடிப்பதனால் பயனில்லை. பழைய ரகப் பம்புள்ள வண்டிக்குரிய முறையாவது:

(அ) டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்கவும்.
(ஆ) வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரையும் குமிழும் நின்று தெளிந்த டீசல் வருமளவும் கைப்பம்பை அடித்து, திருகை இறுக்கவும்.
(இ) பம்பின் மேலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யவும்.
(ஈ) பின்னும் ஸ்டார்ட் ஆகாவிடில், நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லி, டீசல் வெளிப்பட்டதும் இறுக்கவும். அப்போது முகத்தையும் கையையும் விலக்கி வைத்தல் வேண்டும்.

எச்சரிக்கை: காமன் ரெயில் வண்டிகளில் (ஈ)-ல் சொன்னதை ஒருபோதும் செய்தலாகாது. அவற்றின் குழாயினின்று பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் புகவல்லது. காயம் ஊசிக்குத்துப்போல் சிறிதாகத் தோன்றினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் உட்புகுந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அலட்சியத்தால் விரலையும் கையையும் இழக்க நேரிடும். பழைய ரகத்திலும் ஒழுகும் உயரழுத்தக் குழாயைக் கையால் தடவிப் பார்த்தலாகாது; ஓர் அட்டைத் துண்டைக் காட்டியே ஒழுக்கைக் கண்டறிக.

6. புகை கூறும் செய்தி

கரும்புகை: டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முதலில் காற்று வடிகட்டியையும், பின்பு நாசில்களையும் பார்க்கவும். வெண்புகை: எரியாத டீசல், அல்லது சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடேறியபின்னும் தொடருமாயின் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். நீலப்புகை: இஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங்கு அல்லது வால்வுப் பாகத்தின் தேய்வு.

7. செய்யத்தக்க சீர்திருத்தங்கள்

முதன்மையானது, டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையே, கண்ணாடிக் கிண்ணமும் அடித்திருகும் உள்ள தண்ணீர் பிரிப்பான் ஒன்றைப் பொருத்துதல். தண்ணீர் இருப்பது கண்ணுக்குத் தெரிவதோடு, பம்பை எட்டுமுன்பே வடிந்துவிடும். புகைக்குழாயின் சூடு படாத இடத்தில் இதை அமைக்க வேண்டும். பம்பையும் நாசில்களையும் புதுப்பிக்கும் செலவை நோக்க இதன் விலை அற்பம்.

இரண்டாவது, வெடித்தும் இறுகியும் போன ரப்பர் குழாய்களைக் களைந்து, டீசலுக்கென்றே செய்த புதிய குழாய்களையும் கவ்விகளையும் பொருத்துதல். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செம்பு வாஷர்களைப் புதிதாக இடுதல். மூன்றாவது, டேங்கை இறக்கிக் கழுவித் துருவை நீக்குதல். இது செய்தபின்னரே நான்காவதாகப் பம்பையும் நாசில்களையும் சோதனை மேசையுள்ள பட்டறையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இவ்வரிசையை மாற்றினால், சரிசெய்த பம்பிலேயே மறுபடியும் பழைய அழுக்குப் புகும்.

8. செய்யத்தகாதவை

பம்பின் திருகைத் திருப்பி டீசலை மிகுத்தால் இழுவை கூடும் என்று சொல்வோர் உண்டு. சிறிது கூடுவது மெய்யே. ஆனால் காற்றின் அளவு கூடாமையால் மிகுந்த டீசல் கரும்புகையாகவே போகும். உஷ்ணம் மிகுந்து பிஸ்டன் உருகவும் கூடும். மேலும், கம்பெனியார் அமைத்த விவரத்திற்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தலை மேற்படி சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

மண்ணெண்ணெய் கலத்தல் குற்றமாவதோடு, டீசலின் வழுவழுப்பைக் குறைத்துப் பம்பைத் தேய்க்கும். கடலை எண்ணெயில் ஓட்டலாமே என்று கேட்பதுண்டு. 1900-ம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு பிசுபிசுப்புடையது. சுத்திகரித்து மாற்றாமல் ஊற்றினால் நாசிலில் கரி படியும்.

இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. கந்தகத்தை நீக்குகையில் டீசலின் இயற்கை வழுவழுப்புக் குறைவதால் பழைய பம்பு தேய்ந்துவிடும் என்று சிலர் அஞ்சி, வேறு எண்ணெய்களைக் கலக்கின்றனர். வழுவழுப்புக்கான அளவும் டீசலின் தர விதியிலேயே அடங்கியுள்ளது. ஆகவே அவ்வச்சம் வேண்டுவதில்லை.

9. கணக்குப் புத்தகம்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், மாற்றிய வடிகட்டி, வடித்த தண்ணீரின் அளவு ஆகியவற்றை எழுதி வருதல் வேண்டும். லிட்டருக்கு ஓடும் தூரம் காரணமின்றிக் குறையத் தொடங்குவதே கோளாற்றின் முதல் அறிகுறி. கூட்டாக வண்டி வைத்திருப்போருக்கு இக்கணக்கு மனஸ்தாபம் நேராமலும் காக்கும். சம்பா அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே டேங்கையும் வடிகட்டிகளையும் குழாய்களையும் மேற்கூறியவாறு சீர்செய்து வைப்போரின் வண்டி, வேலை மிகுந்த நாட்களில் அவர்களைக் கைவிடாது.