சென்செய்க்கு என்ன கொடுப்பது?

ஜனவரி மாதக் கடைசியில் ஜேஎல்பிடி முடிவு வரும். டிசம்பரில் எழுதிய அந்த ஜப்பானிய மொழித் தேர்வில் தேறியவர்கள் அடுத்து யோசிப்பது, சொல்லிக்கொடுத்த சென்செய்க்கு, அதாவது ஜப்பானிய ஆசிரியைக்கு, என்ன வாங்கித் தரலாம் என்பதைத்தான். மார்ச் நெருங்கினால் அவசரம் கூடிவிடும். ஜப்பானில் பள்ளியாண்டும் நிதியாண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. அதனால் சென்னையில் இருக்கும் ஜப்பானியக் குடும்பங்கள் பலவும், ஆசிரியையின் குடும்பம் உட்பட, அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டுப்புடவையும் குத்துவிளக்கும். வகுப்பே சேர்ந்து காசு போட்டால் பேச்சு வெள்ளிச் சாமான் வரை போகும். குருதட்சிணை என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த மனசு இயல்புதான். ஆனால் ஜப்பானில், வாங்கிய பரிசுக்குப் பதில் செய்யும் வழக்கம் உண்டு. ஒகாயெஷி என்பார்கள். பெற்றதன் மதிப்பில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு திருப்பித் தருவது பொதுவான கணக்கு. கல்யாணம், பிள்ளைப்பேறு போன்றவற்றில் இது கறாராகவே நடக்கும். மற்ற சமயங்களிலும் அந்த நினைப்பு மனதை விட்டுப் போவதில்லை. மொய் நோட்டு எழுதும் நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. பத்தாயிரம் ரூபாய்ப் புடவையை வாங்கிக்கொண்ட ஆசிரியை, பெட்டி கட்டும் பரபரப்பிலும் இதற்கு என்ன திருப்பிச் செய்வது என்று தவிப்பார். நன்றி சொல்லப்போய் ஒருவரைக் கடனாளியாக்குவது நியாயமில்லை. ஆளுக்கு 100 ரூபாய் போட்டு, வகுப்பின் பேரில் ஒரே பொருள் வாங்குங்கள். அதற்குமேல் வேண்டாம்.

என்னைக் கேட்டால் பத்தமடைப் பாய் என்பேன். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கீறி நெய்கிறார்கள். மேசையில் விரிக்கும் சிறிய அளவிலும் கிடைக்கிறது; சுருட்டினால் பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும். ததாமி என்னும் புல்பாய்த் தரையில் உட்கார்ந்து பழகிய ஜப்பானியருக்கு அதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தின்பண்டம் என்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது, நாள்பட இருக்கும். தனித்தனியாக உறையிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெளியூர் போய் வந்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுப்பது ஜப்பானில் வழக்கம். நான்காகவோ ஒன்பதாகவோ கொடுக்காதீர்கள்; அந்த எண்களின் ஜப்பானிய உச்சரிப்பு சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும். மாம்பழம் வேண்டவே வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத பழத்தை ஜப்பான் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

வழியனுப்பு விழாவில் மாலை போடுவதானால் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நமக்கு மங்கலமான சாமந்தி, குறிப்பாக வெள்ளைச் சாமந்தி, அங்கே சாவுக்கு வைக்கும் பூ. கொடுக்கும்போது பையிலிருந்து எடுத்து, அவர் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் கொடுங்கள். “பிரிச்சுப் பாருங்க” என்று வற்புறுத்த வேண்டாம். கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் இருப்பதுதான் அவர்களில் பலருக்கு மரியாதை.

இத்தனையும் சொன்னாலும், பொருளைவிட நான் பெரிதாக நினைப்பது கடிதத்தை. ஜேஎல்பிடியில் கட்டுரை எழுதும் பகுதி கிடையாது. பேச்சுத் தேர்வும் இல்லை. சரியான விடையின் வட்டத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும். ஆகவே, தேர்வுக்கு அப்பால் மாணவர் தாமாக ஜப்பானிய மொழியில் எழுதிய அரைப்பக்கம்தான் ஆசிரியையின் உழைப்புக்குச் சரியான சாட்சி. குடும்பப் பெயரோடு ‘சென்செய்’ சேர்த்துத் தொடங்குங்கள். பொதுவாக ‘நன்றி’ என்று முடித்துவிடாதீர்கள். ‘வா’ என்ற இடைச்சொல் வரவேண்டிய இடத்தில் ‘கா’ போட்டபோதெல்லாம் சலிக்காமல் திருத்தினாரே, அதை எழுதுங்கள். காஞ்சி என்னும் ஜப்பானிய எழுத்தில் கோடு எந்த வரிசையில் விழவேண்டும் என்று பலகையில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியதை எழுதுங்கள். அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். அங்கே அது ஆகாது.

கைப்பேசியில் மொழிபெயர்த்து அதைப் பார்த்து எழுதவும் கூடாது. உங்கள் ஜப்பானிய மொழி எந்த அளவு என்பது அவருக்குத் தெரியும். இரண்டே வரியில் கண்டுபிடித்துவிடுவார். பிழை இருந்தால் இருக்கட்டும். வகுப்பில் ஒவ்வொருவரும் தனித்தனிக் கடிதமாக எழுதி, அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.