நீர்யானைக் காலும் பத்துக்கைப் பூதமும்

பூப்போட்ட ஒரு வேன். அதில் ஃப்ரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி என்று நான்கு பேர். கூடவே ஸ்கூபி என்கிற பெரிய நாய். எந்த ஊரில் பேய் என்றாலும், எந்தக் கோட்டையில் பூதம் என்றாலும் அந்த வேன் அங்கே போய் நிற்கும். ஷாகியும் ஸ்கூபியும் பூதத்தைக் கண்டதும் தலைதெறிக்க ஓடுவார்கள். ஓடுகிற வழியில் சமையலறை இருந்தால் மட்டும் நிற்பார்கள். கடைசியில் பூதம் பொறியில் சிக்கும். முகமூடியைக் கழற்றினால் உள்ளே யாரோ ஒரு ஆசாமி திருதிருவென்று விழிப்பார்.

ஸ்கூபி-டூ தொடர் 1969 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. நாயை வரைந்தவர் இவாவோ டகமோட்டோ. அவர் முதலில், கிரேட் டேன் நாய்களை வளர்த்துவந்த ஒரு பெண்மணியிடம் போய், நல்ல கிரேட் டேன் எப்படி இருக்கும் என்று கேட்டார். நேரான முதுகு, நேரான கால்கள், சின்ன மோவாய் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக வரைந்தார். கூன் முதுகும் வளைந்த கால்களும் பெரிய மோவாயுமாக ஸ்கூபி பிறந்தது அப்படித்தான்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் வெல்மா. கண்ணாடி கீழே விழுந்தால் அவளுக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி மட்டும் மூக்கில் இருந்துவிட்டால் எதுவும் தப்பாது. தரையில் கிடக்கும் தடத்தைக் குனிந்து பார்ப்பாள், ஒட்டியிருக்கும் பிசினைத் தொட்டுப் பார்ப்பாள், 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பாள். உண்மையாகவே பூதம் தேடிப் போன விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களும் வெல்மா செய்ததைத்தான் செய்தார்கள். அந்தக் கதைகளுக்குப் போவதற்கு முன்னால், வெல்மாவின் வழியிலேயே ஒரு கார்ட்டூன் பேயைப் பரிசோதித்துப் பார்ப்போம்.

தொடரின் இரண்டாவது கதையில் கேப்டன் கட்லர் என்றொரு பேய் வரும். பழைய காலத்து முக்குளிப்பு உடையோடு, உடம்பெல்லாம் பளபளவென்று ஒளிர்ந்தபடி கடலிலிருந்து எழுந்து நடக்கும். உடை முழுக்க ஒளிரும் கடற்பாசி ஒட்டியிருக்கிறது என்று பிற்பாடு தெரியவரும்.

இது நடக்குமா? கடற்பாசி தானாக ஒளிராது. ஆனால் கடல் ஒளிரும்! 2019 ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னையில் திருவான்மியூர் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடற்கரைகளில் அலைகள் நீல நிறத்தில் மின்னின. செய்தி பரவியதும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்துக்குக் காரணம் நாக்டிலுகா என்ற ஒற்றைச் செல் உயிரி. சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் உடம்புக்குள் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. அலை வந்து மோதினாலும், மீன் உரசினாலும், நீங்கள் கையால் அளைந்தாலும் இரண்டும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேலை செய்து ஒளியை உண்டாக்கும். சூடே இல்லாத ஒளி.

அந்த மின்னல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. சீண்டினால் மின்னும், விட்டால் அணையும். அலையில் லட்சக்கணக்கில் இருப்பதால்தான் நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதுபோலத் தெரிகிறது. ஆக, கேப்டன் கட்லர் இந்த உயிரியை உடம்பில் பூசிக்கொண்டிருந்தாலும் விடிய விடிய ஒளிர்ந்திருக்க முடியாது. பேய் அங்கேயே மாட்டிக்கொண்டது.

நாக்டிலுகா ஏன் ஒளிர வேண்டும்? தன்னைத் தின்ன வரும் சின்ன இறால் போன்ற உயிரியைப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கத்தான் என்பது ஒரு விளக்கம். 'திருடன், திருடன்!' என்று கூச்சல் போடுவதைப்போல. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே லாக் நெஸ் என்றொரு ஏரி இருக்கிறது. சுமார் 37 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச ஆழம் சுமார் 230 மீட்டர். சுற்றியுள்ள மண்ணில் மக்கிய செடிகொடிகளின் துகள்கள் கலந்து தண்ணீர் கறுத்துக் கிடக்கும். சில மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. பூதக்கதை பிறக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? 1933 மே மாதம், ஏரியில் பெரிய பிராணி ஒன்று புரண்டதாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. கூட்டம் குவிந்துவிட்டது.

லண்டன் பத்திரிகை ஒன்று, மார்மடியூக் வெதரல் என்ற வேட்டைக்காரரை அனுப்பிவைத்தது. டிசம்பரில் அவர் ஏரிக்கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்துவிட்டார்! அவற்றை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விலங்கியலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களிடம் இருந்த விலங்குகளின் கால்களோடு அச்சை ஒப்பிட்டார்கள். அவ்வளவுதான். 1934 ஜனவரியில் பதில் வந்தது: அது நீர்யானையின் கால். ஸ்காட்லாந்துக் குளிரில் நீர்யானை எப்படி வந்தது? அந்தக் காலத்தில் பணக்கார வீடுகளில், பதப்படுத்திய நீர்யானைக் காலைக் குடை வைக்கும் தாங்கியாக வைத்திருந்தார்கள். அப்படி ஒரு காலை யாரோ ஈர மண்ணில் அழுத்தி அழுத்தி எடுத்திருக்கிறார்கள்!

ஏப்ரலில் இன்னொரு பரபரப்பு. நீண்ட கழுத்தும் சின்னத் தலையுமாகத் தண்ணீருக்கு மேலே எதுவோ நிற்கும் புகைப்படம் அதே பத்திரிகையில் வந்தது. எடுத்ததாகச் சொன்னவர் ஒரு டாக்டர். டாக்டர் பொய் சொல்வாரா என்று உலகமே நம்பியது. கூர்ந்து பார்த்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். பத்திரிகை அச்சிட்டது ஓரங்களை வெட்டிய படம். முழுப் படத்தில் அந்த உருவம் சின்னதாக இருக்கிறது, சுற்றியுள்ள நீர்வளையங்களும் சின்னச் சின்னதாக இருக்கின்றன. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் ஒரு சாண் பொம்மையும் யானை மாதிரி தெரியும். கடைசியில் 1994-இல் உண்மை வெளிவந்தது. கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மேல் கழுத்தும் தலையும் செய்து ஒட்டியிருந்தார்கள். செய்தவர், வெதரலின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங். அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு முகமூடி கழன்றது.

ஒரு படம் பொய் என்பதால் ஏரியில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இந்த இடத்தில்தான் விஞ்ஞானிகளின் பொறுமையை நான் மெச்சுகிறேன். 1987-இல் 24 படகுகள் வரிசை கட்டி, சோனார் கருவியால் ஒலியை அனுப்பி ஏரியைத் துழாவின. 2018 ஜூனில் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் ஜெம்மல் தன் குழுவோடு வந்தார். அவர்கள் கொண்டுவந்தது வலையோ தூண்டிலோ இல்லை, பாட்டில்கள். ஏரியின் பல இடங்களில், பல ஆழங்களில் சுமார் 250 பாட்டில் தண்ணீர் எடுத்தார்கள்.

வெறும் தண்ணீரில் என்ன இருக்கிறது? எந்த உயிரும் தண்ணீரில் நீந்தும்போது தோல் துணுக்கு, செதில், சளி, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே போகும். அவற்றில் அந்த உயிரின் டி.என்.ஏ. இருக்கும். தண்ணீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, தங்கிய டி.என்.ஏ.-வைப் படித்தால் அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆளையே பார்க்காமல் ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை இது.

2019 செப்டம்பரில் முடிவு வந்தது. மனிதர், நாய், ஆடு, மாடு, மான், முயல் எல்லாம் இருந்தன. கரையிலிருந்து மழைநீர் அடித்துக்கொண்டு வந்தவை. ஊர்வன இனத்தின் டி.என்.ஏ. துளிகூட இல்லை. டைனோசர் காலத்து நீள்கழுத்துப் பிராணி ஏரியில் தப்பிப் பிழைத்திருக்கிறது என்ற கதை அத்தோடு முடிந்தது. சொல்லப்போனால் அது முன்பே முடிந்திருக்க வேண்டியது. அந்த இனம் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஏரியோ சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. ஒரு வியப்பு மட்டும் மிஞ்சியது. மாதிரி எடுத்த இடங்களில் எல்லாம் விலாங்கு மீனின் டி.என்.ஏ. இருந்தது. அந்த விலாங்குகள் எவ்வளவு பெரியவை என்பதை டி.என்.ஏ. சொல்லாது. ஜெம்மல் அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இமயமலைப் பனிமனிதன் யெட்டியின் கதையும் இப்படித்தான். மடங்களிலும் சேகரிப்புகளிலும் யெட்டியின் முடி, எலும்பு, பல் என்று பாதுகாத்துவைத்திருந்த ஒன்பது மாதிரிகளை, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சார்லட் லிண்ட்க்விஸ்ட் 2017-இல் பரிசோதித்தார். எட்டு மாதிரிகள் கரடி. மீதி ஒன்று நாய்! ஸ்கூபிக்குத் தெரிந்தால் சந்தோஷப்படும். கரடிகளைப் பொறுத்தவரை இது நல்ல லாபம். ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் வாழும் இமயமலைப் பழுப்புக் கரடி, திபெத் கரடி ஆகியவற்றின் பரம்பரை பற்றி இந்த 'யெட்டி' வழியாகப் புதிய விவரங்கள் கிடைத்தன.

எல்லா முகமூடிக்கும் பின்னால் ஏமாற்று இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கப்பலைக் கைகளால் வளைத்து இழுக்கும் கிராக்கன் என்ற பூதத்தைப் பற்றி நார்வே நாட்டுக் கடலோடிகள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப், கரை ஒதுங்கிய உடல்பகுதிகளையும் பழைய குறிப்புகளையும் ஆராய்ந்து, 1857-இல் அந்தப் பிராணிக்கு ஆர்க்கிடியூதிஸ் என்று அறிவியல் பெயரே வைத்துவிட்டார். அது ராட்சதக் கணவாய். எட்டுக் கைகள், இரை பிடிக்க நீண்ட உணர்கைகள் இரண்டு, ஆகப் பத்து. 12 மீட்டர்வரை நீளும். கண் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டர் அகலம்.

கப்பலை அது இழுக்கவில்லை. அதுதான் திமிங்கிலத்துக்கு இரையாகிக்கொண்டிருந்தது! எண்ணெய்த் திமிங்கிலங்களின் தோலில் வட்ட வட்டத் தழும்புகள் இருக்கும். கணவாய் உயிருக்குப் போராடியபோது அதன் உறிஞ்சிகள் பதிந்த தடங்கள் அவை. ஜப்பானிய விஞ்ஞானி சுனெமி குபோதேரா அந்தத் திமிங்கிலங்கள் கூடும் ஒகசவாரா தீவுக் கடலில் கேமராவை இறக்கினார். 2004 செப்டம்பர் 30 அன்று, 900 மீட்டர் ஆழத்தில், உயிருள்ள ராட்சதக் கணவாய் முதல்முறையாகத் தன் இடத்திலேயே படத்தில் விழுந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள்.

வீடியோ எடுக்க 2012வரை ஆனது. ஆழ்கடல் இருட்டில் நீர்மூழ்கியின் வெளிச்சத்தையும் இரைச்சலையும் கண்டு கணவாய் விலகிப் போய்விடும் என்று எடித் விடர் என்ற அமெரிக்க விஞ்ஞானி சந்தேகப்பட்டார். ஆழ்கடல் உயிர்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. எனவே சிவப்பு விளக்குள்ள, சத்தமே போடாத கேமரா ஒன்றை இறக்கினார். கூடவே ஒரு பொய் விருந்தும் வைத்தார். அடோலா என்ற ஜெல்லி மீனை எதிரி பிடித்தால், அது நீல விளக்குகளைச் சக்கரம்போலச் சுழலவிடும். நாக்டிலுகாவின் அதே கூச்சல்தான்! அந்த விளக்குச் சக்கரத்தை மின்விளக்குகளால் செய்து கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டார். ஜெல்லி மீனைத் தின்ன வந்த எதிரியைப் பிடிக்கலாம் என்று ராட்சதக் கணவாய் நேரே வந்து நின்றது.

கணவாயில் இதைவிட எடை மிகுந்த இனம் ஒன்று இருக்கிறது. பெருங்கணவாய். அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வாழ்வது, 1925-இல் பெயர் பெற்றது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில்தான் அதை ஆழ்கடலில் உயிரோடு படமெடுத்தார்கள். சிக்கியது ஒரு குட்டி. நீளம் வெறும் 30 சென்டிமீட்டர். முழுதாக வளர்ந்த பெருங்கணவாய் தன் ஆழத்தில் நீந்துவதை இதுவரை யாரும் படம் பிடிக்கவில்லை. நீங்கள் வளர்ந்து வரும்வரை அந்த வேலை காலியாக இருந்தால், விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.