சுவரில் ஏறும் ஓதம்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் நம் செங்கல் வீடுகளில் பழைய முறையீடு ஒன்று தொடங்கும்: "சுவர் ஓதம் காக்கிறது." ஓதம் என்னும் சொல்லுக்கு ஈரம் என்றும் பொருள், கடல்நீர்ப் பெருக்கு என்றும் பொருள். பொருத்தமான சொல்தான். கடல் ஏறி வடிந்த கரையில் ஒரு கோடு கிடப்பதுபோல, ஓதம் ஏறிய சுவரிலும் ஒரு கோடு கிடக்கும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாமல் செலவழியும் பணம் கொஞ்சமன்று.

செங்கல் பார்வைக்குக் கெட்டிப் பொருள். உண்மையில் எண்ணிறந்த நுண்துளைகளின் கூடு. உலர்ந்த செங்கல் ஒன்றை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் நீரில் மூழ்கவைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். சாதாரண வகைக் கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரைக் குடிக்கலாகாது என்பது இந்தியத் தர விதி. அதாவது 3 கிலோ எடையுள்ள கல் 600 கிராம் நீரைக் குடித்த பின்னும் நல்ல கல் என்றே பெயர் பெறலாம். ஆகவே சுவரில் ஈரம் இருப்பது குற்றமன்று. எவ்வளவு, எங்கிருந்து, எப்போது என்பவையே கேள்விகள்.

நிலத்தின் நீர் சுவரில் ஏறுவது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை ஒத்தது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கானால் 30 சென்டிமீட்டர் ஏறும். செங்கல்லின் துளைகளோ இன்னும் நுண்ணியவை. கணக்கை மட்டும் நம்பினால் ஓதம் கூரையைத் தொடவேண்டும். ஆனால் பெரும்பாலும் மூன்றடி, நான்கடியோடு நின்றுவிடுகிறது. கீழிருந்து ஏறும் நீரும், காற்றும் வெயிலும் உலர்த்திக்கொண்டு போகும் நீரும் சமமாகும் எல்லைதான் அந்தக் கோடு. நீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்துவந்த உப்பு போக வழியின்றித் தங்கும். அதுவே வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொரித்து உதிர்க்கிறது.

இதைக் கண்டவுடன் நம்மவர் செய்வது என்ன? கெட்டியான சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் பளபளக்கும் வர்ணமும்தான். எங்கள் தெருவில் ஒருவர், மகளின் திருமணத்தை முன்னிட்டுக் கடன் வாங்கி இப்படிச் செய்தார். ஆவி வெளியேறும் வழி அடைபட்டது. மூன்றடியில் நின்ற ஓதம் அடுத்த மழைக்காலத்தில் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. கடன் தீருமுன்பே வர்ணம் உரிந்தது.

அந்த வீட்டின் நோய் சுவரில் இல்லை, வாசலில் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதனால், மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கி நுழைகிறோம். அடித்தளத்தின்மேல் கட்டியவர்கள் வைத்த ஓதத்தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் புதைந்துவிட்டது. அடுக்குக்கு மேலே மண்ணும் சுவரும் தொட்டுக்கொண்டால், அடுக்கு இருந்தும் இல்லாததே.

எல்லா ஈரமும் நிலத்திலிருந்து வருவதன்று. வடகிழக்குப் பருவமழை காற்றோடு வந்து மோதும் சுவரில் திட்டுத்திட்டாகத் தோன்றிக் கோடையில் மறைவது மழையீரம். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதானால் குழாயைச் சந்தேகியுங்கள். விந்தையானது மற்றொன்று. பழைய மாட்டுத் தொழுவத்தின் சுவரும், கடல்மணல் கலந்து கட்டிய சுவரும், மழையே இல்லாத புழுக்க நாளில் வியர்க்கும். சுவரில் ஊறிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம்.

இக்காலத்தில் ஈரமானி என்றொரு கருவி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்தினால் ஓர் எண் காட்டும். ஊசிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே அது அளக்கிறது. அளவுகோலும் பெரும்பாலும் மரத்துக்கென்று வகுத்தது. உப்புப் பூத்த செங்கல்லில் மின்சாரம் எளிதாகப் பாயுமாதலால், ஓரளவு உலர்ந்த சுவரையும் 'மிக ஈரம்' என்று அது கூறிவிடும். ஒரே சுவரில் இடத்துக்கு இடம் ஒப்பிட அது உதவும். அந்த எண்ணை நம்பிக் கொத்தனாரை அழைப்பது தகாது.

உண்மையான அளவை உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். சுவரின் உட்புறத்திலிருந்து, சூடேறாதபடி மெல்லத் துளையிட்டுத் தூளை எடுத்து உடனே மூடிய குப்பியில் இடுக. நிறுத்தபின், 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாது நிற்கும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க. 54 கிராம் 50 கிராமானால் ஈரம் 8 விழுக்காடு. தரையோரத்தில் ஒன்று, இரண்டடியில் ஒன்று, நான்கடியில் ஒன்றாக எடுங்கள். மேலே செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டே வந்தால் ஓதம் கீழிருந்து ஏறுவதாகக் கொள்ள இடமுண்டு. நடுவில் மட்டும் மிகுந்திருந்தால் வேறு காரணம் தேடவேண்டும்.

நிலத்து ஓதம் என்று தெளிந்தால், வெளிமண்ணைத் தடுப்பு அடுக்குக்கு அரையடி கீழே இறக்குவது முதல் வேலை. தெருவை வெட்ட நமக்கு உரிமை இல்லை; நம் எல்லைக்குள் சுவரோரமாக ஒரு சிறு வாய்க்கால் எடுத்து வடிகாலோடு சேர்க்கலாம். வடிகால் இல்லாத வாய்க்கால் அகழியாகிவிடும். பிறகு சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை வெறுமனே விடவேண்டும். வீட்டுப் பெண்டிர்க்கு இது பிடிக்காது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார்கள். ஆனாலும் நனைந்த சுவர், ஓர் அங்குலப் பருமன் உலர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்பது கட்டுநர் கணக்கு. தை மாதத்தில் கொத்தி, வெளிப்படும் உப்பை அவ்வப்போது உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளிவிட்டு, கோடை வெயிலைச் சுவர் முழுதும் குடித்த பின்னர், ஆடியில் சுண்ணாம்புச் சாந்து பூசலாம்.