அரைக்குலமும் மேற்கோள் கணக்கும்

தேனாம்பேட்டையில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரியைப் போன்ற கலாசாலைகளில் கணிதம் பயின்று ஆய்வுத்துறைக்குள் அடியெடுத்து வைப்போரை இன்று ஒரு வினா துரத்துகிறது: "உங்கள் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியுள்ளனர்?" இவ்வினா எந்த அளவுக்குப் பொருளுடையது என்பதை அறிய, நம் அண்டை மாநிலத்துக் கணித மேதை ஒருவரின் பணியை நாம் பார்ப்போம். அவர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிப்பாட் (1935-2020). கேரளப் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் பணிபுரிந்தவர்.

அவர் ஆராய்ந்தது அரைக்குலம். சேர்ப்பு விதிக்கு உட்பட்ட ஒரு பெருக்கல் மட்டும் உள்ள கணமே அரைக்குலம் ஆகும். குலத்தில் ஒவ்வொரு செயலுக்கும் நேர்மாறு உண்டு. செய்ததை முற்றிலும் மீட்கலாம். அரைக்குலத்தில் அந்த உறுதி இல்லை. 47ஐ அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 50 கிடைக்கும். 52ஐ முழுமையாக்கினாலும் 50தான். கிடைத்த 50லிருந்து தொடங்கிய எண்ணைக் கண்டறிய வழியில்லை. எனினும் 50ஐ மீண்டும் முழுமையாக்கினால் 50ஆகவே நிற்கும். இவ்வாறு மீண்டும் செய்தாலும் மாறாத செயலைத் தன்னடுக்கு உறுப்பு என்பர். ஒரு செயலைச் செய்து, ஓரளவு மீட்டு, மறுபடி அதனையே செய்தால் முதலில் கிடைத்ததே கிடைக்குமாறு ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு துணை உறுப்பு இருக்குமாயின், அஃது ஒழுங்கு அரைக்குலம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் நூலில் ஆண்ட 'அல்ஜப்ர்' என்னும் சொல்லுக்கு மீட்டமைத்தல் என்று பொருள். அரைகுறையாய் மட்டுமே மீட்கக்கூடிய இவ்வுலகமும் அச்சொல்லிலிருந்து பெயர்பெற்ற இயலுக்கு உட்பட்டதே என்பது நம்மை வியக்க வைக்கிறது.

நம்பூதிரிப்பாட் ஏனைய உறுப்புகளை ஒதுக்கி, தன்னடுக்கு உறுப்புகளை மட்டும் தனியே எடுத்தார். அவற்றிடையே இடப்புறமும் வலப்புறமுமாக அமையும் இரண்டு வரிசை உறவுகளை விதிகளாக வடித்து, 'இருவரிசைக் கணம்' என்னும் கருத்தைப் படைத்தார். அவ்வெலும்புக்கூட்டிலிருந்து ஒழுங்கு அரைக்குலங்களின் முழு உடலையும் கட்டியெழுப்பும் முறையை 1979இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'மெமாயர்ஸ்' வரிசையில் 224ஆம் வெளியீடாகத் தந்தார். ஒழுங்கு அல்லாத அரைக்குலங்களுக்கும் இக்கருத்து பொருந்தும் என்பதை டேவிட் ஈஸ்டவுன் 1985இல் நிறுவினார். ஆறு ஆண்டுகள்!

ஓர் இதழின் தாக்கக் காரணியோ முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களையே எண்ணுகிறது. கணிதத்தில் ஒரு நீண்ட நிறுவலை நிதானமாகப் படித்து முடிக்கவே அக்காலம் போதாது. வேறொரு குறையும் உண்டு. பிரான்சின் எரஸ்மான், ரஷ்யாவின் ஷைன், நம் நம்பூதிரிப்பாட் ஆகிய மூவர் பெயராலும் ஒரு தேற்றம் வழங்குகிறது. பிரிட்டன் கணிதர் மார்க் லாசன் சூட்டிய பெயர் அது. ஒரு பெயர் இவ்வாறு பாடநூலில் ஏறிவிட்டால், பலர் மூலக் கட்டுரையைத் தேடுவதில்லை. மேற்கோள் பாடநூலுக்கே போய்ச் சேர்கிறது. ஆக, புகழ் வளர்ந்ததன் காரணமாகவே கணக்குக் குறையக்கூடும்.

இரண்டாவது பெரும்பணியான 'குறுக்கிணைப்புக் கோட்பாடு' 1994இல் திருவனந்தபுரத்தில் நூலாயிற்று. பெரிய பதிப்பகம் எதுவும் அதனை வெளியிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, கேரளத்தின் பி.ஏ. அஸீஃப் முஹம்மதும் ரஷ்யாவின் மிகயீல் வோல்கோவும் சேர்ந்து, 1979ஆம் ஆண்டு அணுகுமுறையும் இந்நூலின் அணுகுமுறையும் ஒழுங்கு அரைக்குலங்களுக்கு எவ்வாறு சமமாகின்றன என்பதை நேரடியாகக் காட்டினர். அக்கட்டுரை ஹங்கேரிய இதழொன்றில் 2019இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஜனவரியில் நம்பூதிரிப்பாட் காலமானார்.