டி.வி.யில் காட்டாத பத்து நாள்!

டி.வி.யில் பானை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் விர்ரென்று சுற்றும். நடுவில் ஒரு களிமண் உருண்டை இருக்கும். இரண்டு கைகள் லேசாகத் தொட்டதும், மந்திரம் போட்ட மாதிரி பானை எழுந்து நிற்கும். அடுத்த காட்சியிலேயே சிவக்கச் சுட்ட பானை வந்துவிடும். பின்னணியில் புல்லாங்குழல் வேறு!

மொத்தம் ஒரே நிமிடம். அடடா, இவ்வளவு சுலபமா என்று தோன்றும். ஆனால், அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? அதைத்தான் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வில்லியனூர் வரைக்கும் போய் வரலாம், வாங்க!

புதுச்சேரி நகரத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது வில்லியனூர். பக்கத்திலேயே சங்கராபரணி ஆறு. இந்த ஊர் சுடுமண் பொம்மைகள் ரொம்பப் பிரபலம். காஞ்சிபுரத்துப் பட்டுக்கு இருக்கிற மாதிரியே, வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த ஊர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. களிமண்ணைப் பிசைந்த கைகளுக்கு பத்மஸ்ரீ!

சரி, வேலைக்கு வருவோம். களிமண்ணை வெட்டி வந்ததும் உடனே சக்கரத்தில் வைத்துவிட முடியாது. முதலில் காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் பொறுக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு அளவாக மணல் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். மிதி மிதி என்று மிதித்தால்தான் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மணல் எதற்கு? வெறும் களிமண் காயும்போது ரொம்பச் சுருங்கி வெடித்துவிடும். மணல் கலந்தால் சுருக்கம் குறையும்.

இதற்கப்புறம்தான் நீங்கள் டி.வி.யில் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்!

அதற்கடுத்து வருகிறது பெரிய வேலை. 'சும்மா இருப்பது'! சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். செய்த பொம்மையை நிழலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து, உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். விரிசல் விட்டுவிடும். சின்னப் பொம்மைக்குச் சில நாள் போதும். பெரிய பொம்மைக்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். பத்து நாள் சும்மா இருக்கும் பொம்மையை எந்த சேனல் காட்டும், சொல்லுங்கள்?

ஊர் எல்லையில் அய்யனார் கோயில் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய மண் குதிரை உள்ளே கூடுதான் தெரியுமா? உடம்பு, கால் எல்லாமே வெற்றுக் குழாய் மாதிரி இருக்கும். அங்கங்கே துளையும் விட்டிருப்பார்கள். கனமாகச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம், சூளையில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் 'டமார்' என்று உடைத்துக்கொண்டு வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது, டி.வி.யில் பார்த்த ஆசையில் கைப்பிடி அளவுக்கு ஒரு யானை செய்தேன். அன்று சாயங்காலமே விறகு அடுப்பில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். யானையின் காது மட்டும்தான் கிடைத்தது. அம்மாவிடம் கிடைத்தது தனிக்கதை!

ஒழுங்காகக் காய்ந்த பொம்மையைச் சூளையில் அடுக்கி, வைக்கோல், விறகு, வறட்டி வைத்து மெதுவாகச் சூடேற்றுவார்கள். வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் குணமே மாறிவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் கரையாது. மண்ணில் இருக்கும் இரும்புச் சத்துதான் அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம். வில்லியனூருக்குக் கிழக்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆய்வாளர் அகழாய்வு செய்தபோது, ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைமையான பானை ஓடுகள் கிடைத்தன. ரோமானியர்களின் ஜாடி ஓடுகளும் அவற்றில் இருந்தன. சுட்டதால்தானே இத்தனை காலம் தாக்குப்பிடித்தன!

அப்படியென்றால் டி.வி.யே பார்க்கக் கூடாதா என்று முறைக்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த யானை ஆசையை எனக்குக் கொடுத்ததே டி.வி.தானே! தூர்தர்ஷனில் 1990 முதல் 2001 வரை 'சுரபி' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நாட்டின் மூலைமுடுக்கில் இருக்கும் கைவினை, நாட்டுப்புறக் கலைகளையெல்லாம் தேடிப்பிடித்துக் காட்டினார்கள். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்பார்கள். பதில் எழுதி 15 காசு போஸ்ட் கார்டு போட வேண்டும். 1993-ல் ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்களுக்கு மேல் வந்து குவிந்தனவாம்! தபால்துறையே திணறிப்போய், போட்டிகளுக்கென்று தனியாக 2 ரூபாய் கார்டு வெளியிட்டது. உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

பிறகு பாட்டுப் போட்டி, நடனப் போட்டி என்று சிறுவர்களே மேடையேறும் நிகழ்ச்சிகள் வந்தன. 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' பார்க்காத வீடு உண்டா? அங்கேயும் ஒரு 'காட்டாத பத்து நாள்' இருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பின்னால் பல நாள் பயிற்சி, ஒத்திகை, மேக்கப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பு. இதில் சிறுவர்கள் களைத்துப்போகக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கவோ பாடவோ வைக்கக் கூடாது. ஓய்வு தராமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தை பெயரிலேயே வங்கியில் போட வேண்டும். முக்கியமாக, 'எனக்கு இஷ்டமில்லை' என்று குழந்தை சொன்னால் வற்புறுத்தக் கூடாது! இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

மேடையே தேவைப்படாத பொழுதுபோக்கும் உண்டு. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தெற்கே பாகூரில் இன்னொரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் தூரதேசப் பறவைகளும் இங்கே வரும். கரையில் உட்கார்ந்து முக்குளிப்பானைக் கவனியுங்கள். குட்டியூண்டு பறவை, 'டுபுக்' என்று முங்கிவிடும். எங்கே எழும் என்று நண்பனோடு பந்தயம் கட்டுங்கள். நான் அநேகமாகத் தோற்றுத்தான் போயிருக்கிறேன். பெரியவர் ஒருவரோடு போங்கள். தண்ணீருக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

ஏரி பக்கத்தில் இல்லாதவர்களுக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். களிமண்ணில் கோலிக்குண்டு அளவுக்கு ஓர் உருண்டை பிடியுங்கள். நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்படாதீர்கள், என் யானையை நினைத்துக்கொள்ளுங்கள்! பிறகு உடைந்த பூந்தொட்டியிலிருந்து அதே அளவில் ஒரு துண்டு எடுங்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் உருண்டை, இன்னொன்றில் ஓடு போடுங்கள். குமிழி வருகிறதா, எதில் அதிகம் என்று குறித்துக்கொண்டு தூங்கப் போங்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் டம்ளரை எட்டிப் பாருங்கள்.