பூச்சு கெடாமல் புது நகை

சிதம்பரம் என்றதும் நடராசர் கோயிலோடு கவரிங் நகையும் நினைவுக்கு வரும் அளவுக்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்றுவிட்ட இத்தொழிலில், செம்பிலோ பித்தளையிலோ நகையைச் செய்து, தங்க உப்பு கரைந்த நீர்மத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தி, அதன்மேல் மெல்லிய தங்கப் படலம் படியுமாறு செய்கின்றனர். இதுவே மின்முலாம் பூசுதல் எனப்படுகிறது. விலை மலிந்த நகைகளில் இப்படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆகவே அரத்தால் தேய்த்தாலும், பற்றவைத்தாலும், கம்பியை மடக்கி நிமிர்த்தினாலும் முலாம் போய் உள்ளிருக்கும் உலோகம் வெளிப்பட்டுவிடும். வீட்டிலேயே நகையை மாற்றியமைக்க விரும்புவோர் பூச்சில் கைவைக்காமல் இணைப்புகளை மட்டும் மாற்றுவதே அறிவுடைமையாகும்.

அந்த இணைப்புகளோ எளியவை. பதக்கத்தையும் சங்கிலியையும் கொக்கியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு கம்பி வளையங்கள், மலிவான நகைகளில் பற்றவைக்கப்படாமல், இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்படி வளைக்கப்பட்டவையாகவே இருக்கும். இத்தகைய வளையத்தைத் திறக்க முனைகளைப் பக்கவாட்டில் இழுத்து அகட்டுவதே பலர் செய்யும் பிழை. அவ்வாறு அகட்டிய வளையம் மீண்டும் வட்டமாவதில்லை, விரைவில் நழுவியும் விடுகிறது. நுனி கூர்மையான இரண்டு குறடுகளால் வெட்டுவாயின் இருபுறமும் பிடித்து, ஒரு முனையைத் தன்பக்கமாகவும் மற்றதை எதிர்ப்பக்கமாகவும் திருப்பினால் வட்டம் குலையாமல் வாய் திறக்கும். மூடும்போது முனைகள் நேர்நிலையைச் சற்றே கடந்து செல்லுமாறு திருப்பி மீட்டால் இடைவெளியின்றிப் பொருந்தும். குறட்டின் பற்கள் முலாமைக் கீறாதிருக்க அதன் வாயில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்வது நல்லது.

இவ்வொரு திறனைக் கொண்டே, சங்கிலி கறுத்துப்போன ஆரத்தின் பதக்கத்தைக் கழற்றிக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தை ஒட்டி அணியலாம். இணை தொலைந்து பெட்டியில் ஒதுங்கிக் கிடக்கும் ஒற்றை ஜிமிக்கியைப் பதக்கமாக்கலாம். அறுந்த சங்கிலியின் மிச்சத்தைக் காது மாட்டலாக்கலாம்.

கல் வைத்த நகைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கெம்புக் கல் என்ற பெயரில் விற்கப்படும் மலிவான சிவப்புக் கற்கள் பெரும்பாலும் கண்ணாடியே; பல கற்களின் ஒளி, அவற்றின் பின்புறத்தில் பூசிய பளபளப்புப் படலத்திலிருந்து வருகிறது. நீர் உட்புகுந்தால் அப்படலம் கறுத்துக் கல் உயிரிழந்துவிடும் என்பதால், இவற்றை ஊறவைத்துக் கழுவுதல் ஆகாது. உதிர்ந்த கல்லை நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டினால் அதன் ஆவி கல்லைச் சுற்றி வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. இரு கூறுகளைக் கலந்து பயன்படுத்தும் எபாக்சிப் பசை இறுக நேரம் எடுத்துக்கொண்டாலும் இக்கேட்டைச் செய்வதில்லை.

அழகுக்காக அன்றி உடல்நலத்துக்காகச் செய்யவேண்டிய மாற்றமும் ஒன்று உண்டு. மலிவான உலோகக் கலவைகளில் கலந்துள்ள நிக்கல், வியர்வையில் கரைந்து சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தோலை நெடுநேரம் தொடும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது எனவும், துளையில் செருகும் தண்டுகளுக்கு 0.2 மைக்ரோகிராம் எனவும் வரம்பு விதித்துள்ளது. காது புண்ணாகும் தொங்கட்டான்களின் கம்பியை மட்டும் கழற்றி வெள்ளிக் கம்பி மாட்டுவது நிலையான தீர்வு. நிறமற்ற நகப்பூச்சைத் தடவும் வழக்கமோ, அது உரியும் வரைதான் உதவும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் போதுமானதன்று. அமெரிக்காவில் 2006-இல் ஈயம் மிகுந்த வளையல் தொங்கல் ஒன்றை விழுங்கிய நான்கு வயதுக் குழந்தை இறந்தது. குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயத்துக்கு அந்நாடு 2008-இல் சட்டத்தின் மூலம் கடும் வரம்பு விதித்தது. என்ன உலோகம் என்று தெரியாத பழைய நகையையும், கழற்றிப்போட்ட வளையங்களையும் மணிகளையும் வாயில் வைக்கும் பருவத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது பெற்றோரின் பொறுப்பு.